ஊருக்கு ஒரு நல்ல காரியம் தொடங்கும் முன்: செலவு–பலன் கணக்கு போடுவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் சங்கமோ மன்றமோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சங்கம் ஒரு குடிநீர்த் திட்டத்துக்குப் பணம் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் மூன்று கேள்விகள்தான் வந்தன. இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? பத்து வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இல்லையா? இவற்றுக்குப் பதில் சொல்லும் நாலு தாளைத் தயார் செய்ய ரொம்பவே சிரமப்பட்டோம். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்று. என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்டு, அதை நியாயப்படுத்தக் கணக்கு போடாதீர்கள். குறைந்தது மூன்று வழிகள் கையில் இருக்கும்போதே போடுங்கள். எதைச் செய்யக் கூடாது என்று காட்டுவதுதான் இந்தக் கணக்கின் பெரிய உதவி. தேவையானதெல்லாம் பெருக்கல், கூட்டல், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை.

1. குறையை எழுதுங்கள், திட்டத்தை எழுதாதீர்கள்

“நம்ம ஊருக்கு ஒரு ஆர்.ஓ. பிளான்ட் வேண்டும்” (தண்ணீரிலிருந்து உப்பை நீக்கும் இயந்திரம்) என்பது திட்டம். “ஜனவரி முதல் மே வரை 120 வீடுகளுக்கு நல்ல குடிதண்ணீர் கிடைப்பதில்லை” என்பது குறை. முதல் வாக்கியத்தில் தொடங்கினால் பிளான்ட் மட்டும்தான் கண்ணில் படும். இரண்டாவதில் தொடங்கினால் பழைய பஞ்சாயத்துக் கிணறு, மழைநீர்த் தொட்டி, கோடையில் மட்டும் வாடகை லாரி என்று பல வழிகள் தெரியும். யார், எத்தனை பேர், எந்த மாதங்களில், எவ்வளவு என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

2. ‘ஒன்றும் செய்யாவிட்டால்’ பக்கத்தை நிரப்புங்கள்

முழு வேலையிலும் முக்கியமான பக்கம் இதுதான். பலரும் ‘முன்பு, பின்பு’ என்று ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது ‘திட்டம் இருந்தால், இல்லாவிட்டால்’. நாம் சும்மா இருந்தாலும் ஊர் மாறிக்கொண்டேதான் இருக்கும். வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019 முதல் நடக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. அந்தக் குழாயில் மூன்றாம் வருடம் உங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டால், பத்து வருடப் பலன் என்று நீங்கள் எழுதியதில் எட்டு வருடம் காணாமல் போகும். அதனால் முதல் நடை வார்டு மெம்பரிடமும் பஞ்சாயத்து ஆபீசுக்கும்தான். அடுத்த மூன்று வருடத்துக்கு நம் வார்டில் என்ன வேலை எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீடு வீடாகக் கேளுங்கள். மார்ச், ஏப்ரலில் கேளுங்கள். ஜூன் மழைக்குப் பிறகு கேட்டால் தண்ணீர்க் கஷ்டம் பாதி மறந்திருக்கும். கேட்க வேண்டியவை: கேன் வாங்குகிறீர்களா, வாரத்துக்கு எத்தனை, என்ன விலை? சுமந்து வருகிறீர்கள் என்றால் யார் போகிறார்கள், போய்வர எவ்வளவு நேரம்? இந்த வேலைக்கு அயல்கூட்டத்து (குடும்பஸ்ரீ மகளிர் குழு) பெண்களை விட்டால் ஆள் இல்லை. தண்ணீர் எடுக்கும் நேரத்தை ஆண்களிடம் கேட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

கூடவே தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கிழக்குப் பாலக்காட்டில் சில இடங்களில் நிலத்தடி நீரில், அளவு கூடினால் பல்லில் கறை விழவைக்கும் ஃபுளோரைடு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கரைந்த உப்பு 500 வரை நல்லது, மாற்று இல்லாதபோது 2,000 வரை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். சோதனைக்கு ஆகும் சிறு தொகை, லட்சக்கணக்கான முடிவையே மாற்றக்கூடியது. ரிப்போர்ட் கைக்கு வராமல் ஐந்தாம் படிக்குப் போகாதீர்கள்.

3. யாருடைய பலனை எண்ணுகிறோம்?

எல்லையில் இருக்கும் நமக்கு இது பெரிய கேள்வி. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் ஒரே தெருவின் உறவுகள் இரண்டு மாநிலங்களில் இருப்பார்கள். குழாய் இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கத்துக்காரர்களும் குடத்தோடு வருவார்கள். வரட்டும். ஆனால் பஞ்சாயத்துப் பணம் எல்லை தாண்டாது. உங்கள் தர்மப் பணம் தாண்டலாம். ஆகவே இரண்டு வரிசை போடுங்கள்: பஞ்சாயத்து எல்லைக்குள் இருப்பவர்களின் பலன், வெளியே இருப்பவர்களின் பலன். பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் தாளில் முதல் வரிசை, நன்கொடையாளருக்குக் கொடுப்பதில் இரண்டும்.

தண்ணீர் சுமக்கும் நேரத்துக்கு விலை வைக்கும் கூலிக் கணக்குக்கும் இது பொருந்தும். 2025–26க்கு நூறு நாள் வேலைக் கூலி கேரளத்தில் 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336. சுமக்கிறவர் எந்தப் பக்கம் வேலைக்குப் போவாரோ அந்தக் கூலியை எடுங்கள்.

4. செலவு: வாங்கும் விலையோடு நிற்காதீர்கள்

கொட்டேஷனில் இருப்பது முதல் நாள் செலவு. நிறைய தர்மக் காரியங்கள் மூச்சை விடுவது இரண்டாம் வருடச் செலவில்தான். மாதிரிக்கு, மேலே சொன்ன 120 வீட்டு ஊரில் ஒரு ஆர்.ஓ. பிளான்ட் என்று வையுங்கள். இந்தத் தொகைகள் எல்லாம் நான் வைத்துக்கொண்டவை; உங்கள் கொட்டேஷனைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இயந்திரமும் ஷெட்டும் 6,00,000.
வருடச் செலவு: பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 96,000, கரண்ட் 30,000, ஃபில்டர் 24,000, மெம்பிரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) மாற்ற ஒதுக்குவது 15,000, தண்ணீர்ச் சோதனை 5,000. மொத்தம் 1,70,000.

கோடை ஐந்து மாதம் மட்டும் ஓட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். நாள் கணக்கில் நிறுத்தி வைத்தால் மெம்பிரேன் கெடும். ஐந்து மாதச் சம்பளத்துக்கு நம்பகமான ஆளும் நிற்க மாட்டார்.

இரண்டாவது வழி, பழைய கிணற்றைத் தூர்வாரி, மோட்டார் போட்டு, மேல்தொட்டி வைத்து மூன்று இடத்தில் குழாய். முதல் செலவு 3,50,000, வருடத்துக்கு 50,000. ஆனால் ஐந்து மாதத்தில் மூன்று மாதம்தான் கிணறு தாங்கும் என்று வைப்போம்.

செலவில் பலரும் விடுபவை:

இலவசமாகக் கிடைத்தவை. சிரமதானம், ஒருவர் தந்த இடம், பழைய மோட்டார் எல்லாமே செலவுதான். அந்த உழைப்பும் இடமும் வேறு காரியத்துக்குப் போயிருக்கும். சந்தை மதிப்பில் பாதியாவது எழுதுங்கள்.

கழிவு நீர். ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீர் போக உப்பேறிய தண்ணீர் கணிசமாக வெளியேறும். நம் பகுதியிலுள்ள சித்தூர் பிளாக்கில் நிலத்தடி நீர் ஏற்கனவே அளவுக்கு மீறி எடுக்கப்பட்டு வருகிறது. எவ்வளவு வெளியேறும், எங்கே விடுவீர்கள் என்று எழுதாத தாளை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நீங்களும் ஏற்காதீர்கள்.

சர்வீஸ் தூரம். கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ இயந்திரம் சல்லிசாகக் கிடைக்கலாம். மெக்கானிக் வந்துபோக என்ன வாங்குவார், எத்தனை நாளில் வருவார் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

5. பலன்: காசாவதும் காசாகாததும்

120 வீட்டில் 80 வீடு கேன் வாங்குகிறது. மாதம் 15 கேன், 30 ரூபாய், ஐந்து மாதம். வீட்டுக்கு 2,250, மொத்தம் 1,80,000 மிச்சம். மற்ற 40 வீடு தினம் ஒரு மணி நேரம் நடந்து எடுக்கிறது. பிளான்ட் வந்தாலும் அங்கே போய்வரக் கால் மணி ஆகும், ஆகவே மிச்சம் முக்கால் மணி. 40 வீடு, 150 நாள், 4,500 மணி நேரம். ஒரு மணிக்கு 369 ரூபாய் கூலியை எட்டால் வகுத்து, அதில் பாதி, சுமார் 23 ரூபாய். 1,03,500 ரூபாய்.

இங்கே ஒரு பொறி. இதுவரை கேன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த 80 வீடு இனிமேல் நடந்துபோய் எடுக்க வேண்டும். 75 தடவை, கால் மணி வீதம் 1,500 மணி நேரம்; 34,500 ரூபாயைக் கழியுங்கள். ஆக ஒரு வருடப் பலன் 2,49,000.

நேரத்துக்கு விலை வைக்கக் கூச்சப்படாதீர்கள். விலை வைக்காவிட்டால், காசு கொடுத்துக் கேன் வாங்க முடியாத அந்த 40 வீடு கணக்கிலேயே வராது. பிரித்துப் பாருங்கள்: கேன் வாங்கும் வீட்டுக்குப் பலன் சுமார் 1,800 ரூபாய், சுமக்கும் வீட்டுக்குச் சுமார் 2,600. இந்தப் பிரிவினையைக் கட்டாயம் தாளில் காட்டுங்கள்.

எண்ணக் கூடாதவை சில. உங்களுக்குக் கிடைக்கும் மானியமும் நன்கொடையும் பலன் இல்லை. வீட்டுக்காரர் பிளான்ட்டுக்குக் கொடுக்கும் ஐந்து ரூபாய் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவது, ஊருக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. தண்ணீர் வந்ததால் மனை விலை ஏறியது என்று சேர்த்தால் ஒரே பலனை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள்.

பல்லில் கறை விழாத பிள்ளைகள், பள்ளிக்கு நேரத்தில் போகும் பெண்கள். இவற்றுக்கு ரூபாய் போடாதீர்கள், ஆனால் விட்டும் விடாதீர்கள். ‘இத்தனை பேர்’ என்று தனிப் பத்தியில் எண்ணிக்கையாக எழுதுங்கள். மாலை வகுப்பு, ரத்ததானம் போன்ற காரியங்களில் பலன் முழுக்க இப்படித்தான் இருக்கும். அங்கே ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவாகிறது என்று வகுத்து, வழிகளை ஒப்பிட்டால் போதும்.

6. பத்து வருடத்தை இன்றைய பணமாக்குங்கள்

அடுத்த வருடம் வரும் 100 ரூபாய் இன்றைய 100 ரூபாய் ஆகாது. வருடத்துக்கு 8 சதவீதம் என்று வைத்தால் அது இன்று சுமார் 92.60. பத்து வருடத்துக்கு ஒவ்வொன்றாகப் போட வேண்டாம். வருடா வருடம் ஒரே தொகை என்றால் 6.71ஆல் பெருக்குங்கள். ஐந்து வருடத்துக்கு 3.99. எட்டு ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பணம் டெபாசிட்டில் கிடந்தால் கிடைக்கும் வட்டியைவிடக் கொஞ்சம் கூட என்று சொல்லுங்கள். எல்லா வழிகளுக்கும் ஒரே சதவீதம் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

ஆர்.ஓ. பிளான்ட்: வருடப் பலன் 2,49,000, செலவு 1,70,000 போக 79,000. 6.71ஆல் பெருக்க 5,30,000. போட்ட பணம் 6,00,000. ஊருக்கு 70,000 நஷ்டம்.

கிணறு: மூன்று மாதப் பலன் 1,49,400, செலவு 50,000 போக 99,400. பெருக்க 6,67,000. போட்டது 3,50,000. ஊருக்கு 3,17,000 லாபம்.

பார்க்கப் பெரிதாக இருக்கும் திட்டம் தோற்று, விழா எடுக்க முடியாத தூர்வாரல் ஜெயிக்கிறது. ஆனால் கிணற்றில் ஃபுளோரைடு 1.5க்கு மேல் என்று ரிப்போர்ட் வந்தால் இந்த முடிவு அப்படியே விழுந்துவிடும். அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது, துவைக்கத்தான் ஆகும். அப்போது மழைநீர்த் தொட்டியையும் சிறிய ஆர்.ஓ.வையும் வைத்து மறுபடி போட வேண்டும்.

ஊர்க் கணக்கு இது. கல்லாக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். பிளான்ட்டின் வருடச் செலவு 1,70,000ஐ 120 வீடு எடுக்கும் 9,000 கேனால் வகுத்தால் கேனுக்கு 19 ரூபாய். ஐந்து ரூபாய்க்குக் கொடுப்போம் என்று மேடையில் சொன்னால் வருடத்துக்கு 1,25,000 யாராவது போட வேண்டும். யார் என்று பெயர் எழுத முடியவில்லையென்றால் தொடங்காதீர்கள். கிணற்றுக்கோ வீட்டுக்கு மாதம் 35 ரூபாய் போதும்.

7. எண்களை அசைத்துப் பாருங்கள்

சந்தேகமான எண்கள் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து மாற்றிப் பாருங்கள். கேன் விலை 40 ஆனால் பிளான்ட்டும் லாபத்துக்கு வந்துவிடுகிறது (சுமார் 3,33,000). ஆனால் கிணறு 5,58,000க்குப் போகிறது, வரிசை மாறவில்லை. குழாய்த் தண்ணீர் மூன்றாம் வருடம் வந்துவிட்டால் பலன் இரண்டே வருடம், பெருக்க வேண்டியது 1.78. அப்போது பிளான்ட்டில் சுமார் 4,59,000, கிணற்றில் 1,73,000 நஷ்டமாகும். அந்த நிலையில் வாடகை லாரிதான் சரி. வேண்டாதபோது நிறுத்திவிடலாம் என்பதே அதன் பெரிய குணம்.

ஒரு எண்ணைக் கொஞ்சம் அசைத்ததும் வரிசை புரண்டால், அந்த எண்ணுக்காக மறுபடி களத்துக்குப் போங்கள். மற்றவற்றைத் துல்லியமாக்க நாளைச் செலவழிக்க வேண்டாம்.

8. காகிதங்கள்

கணக்குத் தாளோடு வைக்க வேண்டியவை: கமிட்டித் தீர்மானம், வீட்டுக் கணக்கெடுப்பு நோட்டின் நகல், தண்ணீர்ச் சோதனை ரிப்போர்ட், மூன்று கொட்டேஷன், இடத்தின் கரம் (நிலவரி) அடைத்த ரசீது, இடம் கொடுப்பவரின் சம்மதம் (வாய்ச்சொல் போதாது, எழுத்தில்). பஞ்சாயத்துக் கிணறு என்றால் பஞ்சாயத்தின் அனுமதி. புது போர்வெல் என்றால் நிலத்தடி நீர்த் துறையிடம் கேட்காமல் லாரியை வரவழைக்காதீர்கள். கேரளத்தில் இதற்கு 2002இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

சங்கத்தின் பக்கம்: பதிவுச் சான்று, சங்க விதிகள், பான் கார்டு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, ஆடிட் செய்த கணக்குகள். பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். சித்தூர் தாலுகாவில் பழைய கொச்சிப் பகுதிக்கு 1955 திருவாங்கூர்–கொச்சிச் சட்டம். மலபார் பகுதிக்கு 1860 சட்டம். பொள்ளாச்சிக்கார நண்பரின் சங்க விதிகளை அப்படியே காப்பி அடித்தால் அதில் 1975 தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கும், திரும்பி வரும்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் வேண்டுமென்றால், வருமான வரித் துறையிடம் வாங்கும் 12ஏ, 80ஜி, அதோடு சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 என்று மூன்று பதிவும் வேண்டும். பொதுவாக மூன்று வருட வேலை அனுபவமும் காட்ட வேண்டும். புதுச் சங்கம் என்றால் அனுபவமுள்ள ஒரு அமைப்போடு சேர்ந்து போங்கள். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்லித்தான் சட்டமே இருக்கிறது, அதனால் கோயம்புத்தூர்க் கம்பெனி எல்லை தாண்டத் தயங்கினால் வருத்தப்பட வேண்டாம்; கஞ்சிக்கோடு பக்கத்துக் கம்பெனிகளிடம் கேளுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்திய பாஸ்போர்ட்டோடு சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், சொந்த அண்ணனாகவே இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் ரசீது போடுங்கள்.

மொழி பற்றி ஒன்று. 1969ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடும், சிறுபான்மைப் பகுதியிலுள்ள அலுவலகங்களோடும் தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். கணக்குத் தாள் தமிழில் இருக்கட்டும். அதோடு ஒரு பக்கச் சுருக்கத்தை மலையாளத்தில் இணைத்தால் ஃபைல் வேகமாக நகர்கிறது.

9. எப்போது தொடங்குவது

மார்ச்–ஏப்ரலில் வீட்டுக் கணக்கெடுப்பு, தண்ணீர்ச் சோதனை. மழைக்காலத்தில் கொட்டேஷனும் கணக்கும். மழை முடிந்ததும் இன்னொரு தண்ணீர்ச் சோதனை. கேரளத்தில் கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மழை கழிந்து வரும் கூட்டத்தில் மூன்று வழிகளையும் வையுங்கள். நீங்கள் விரும்பும் வழியை மட்டும் வைத்தால், விட்டுப்போன எண்ணை யாரும் சொல்ல மாட்டார்கள். ஏப்ரல் 1இல் தொடங்கும் நிதியாண்டில் பஞ்சாயத்து சேர்க்க வேண்டுமென்றால், அதற்குப் பல மாதம் முன்பே மெம்பர் கையில் தாள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு வேலைக்கென்று திட்டத் தொகையில் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் ஒதுக்குங்கள்: சோதனை, பயணம், நகல், ஆடிட்டர்.

10. ஓடத் தொடங்கிய பிறகு

கணக்குத் தாளில் போட்ட நான்கு எண்களை ஒரு சுவர்ப் பலகையில் எழுதி வையுங்கள்: எத்தனை வீடு எடுக்கிறது, மாதச் செலவு, வசூல், எத்தனை நாள் நின்றது. மாதக் கடைசியில் உண்மையான எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த கோடை முடிந்ததும் அதே வீடுகளில், முடிந்தால் அதே பெண்களை அனுப்பி, அதே கேள்விகளைக் கேளுங்கள். 40 சுமக்கும் வீடுகளில் எத்தனை பேர் இன்னும் சுமக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். அந்த எண் குறையவில்லையென்றால் குழாய் வைத்த இடத்தையோ, கட்டணத்தையோ, நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து முதல் வருடக் கணக்கில் ஒரு சிறு தொகை வைத்திருங்கள்.